குட்டைக்கரையில் யார் காவல்?

புள்ளிமானும் குரங்கும் மயிலும் ஒரே குட்டையில் தண்ணீர் குடித்துவந்தன. பக்கத்துப் புதரில் ஒரு சிறுத்தை இருந்தது. அதனால் மூன்றும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. குரங்கு கத்தினால் மான் குளம்பைத் தட்டும். மான் தட்டினால் மயில் அகவும். மயில் அகவினால் குரங்கு கத்தும்.

"நம்ம காவல் மாதிரி எந்தக் காட்டுல உண்டு!" என்று மூன்றும் மெச்சிக்கொண்டன. பிறகு மான் நிம்மதியாக மேய்ந்தது. குரங்கு பேன் பார்த்தது. மயில் தோகையைக் கோதியது. கேட்கச் சொகுசாகத்தான் இருக்கிறது.

ஒரு மத்தியானம் சிறுத்தை ஆற அமர நடந்தே வந்தது. யாரும் சத்தம் போடவில்லை. மான்குட்டியின் பின்னங்காலில் நகம் பட்ட பிறகு குட்டிதான் அலறியது. அலறியபடியே தண்ணீருக்குள் விழுந்ததால் பிழைத்தது. சேற்றில் இறங்க மனமில்லாமல் சிறுத்தை திரும்பிப் போனது.

"ஏன் கத்தலை? என் பிள்ளை செத்திருக்குமே!" என்று மான் குரங்கின் மேல் பாய்ந்தது.

"மயில் அகவலையே! நான் எப்படிக் கத்துவேன்?" என்றது குரங்கு.

"மான் குளம்பைத் தட்டலையே! நான் எப்படி அகவுவேன்?" என்றது மயில்.

"குரங்கு கத்தினாத்தானே நான் தட்டுவேன்!" என்றது மான்.

சிறுத்தை வந்தபோது வராத சத்தமெல்லாம் இப்போது வந்தது.

கரை மேட்டில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவிக்குப் பொறுக்கவில்லை. "சண்டையை விடுங்க! ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க மூணு பேர்ல புதரைப் பார்க்கிறது யாரு?"

மான் குரங்கைப் பார்த்தது. குரங்கு மயிலைப் பார்த்தது. மயில் மானைப் பார்த்தது.

அந்தச் சின்னப் பறவையை என்ன சொல்லிப் பாராட்டுவது! யார் மேல் தப்பு என்று அது கேட்கவே இல்லை. காவலில் ஓட்டை எங்கே என்றுதான் தேடியது.

"இனிமே புதரை நான் பார்க்கிறேன். யார் குரலுக்கும் காத்திருக்க மாட்டேன். நான் விட்டு விட்டுக் கூவினா, நீங்க மூணு பேரும் நேரா அதைக் கேட்டே ஓடுங்க. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்க வேண்டாம்" என்றது ஆள்காட்டி.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா, அக்கா?" என்று மான் கவலையோடு கேட்டது.

"என்னை எதுக்கு நம்புறீங்க? கூவலை நம்புங்க! இந்த மேட்டுல யார் உட்கார்ந்தாலும் இதே மாதிரி கூவட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றே ஒரு மைனாவைக் கூப்பிட்டு அந்தக் கூவலைப் பழக்கியும் விட்டது. என்ன கெட்டிக்காரத்தனம்!

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளை நடத்திக்கொண்டு ஆள்காட்டி ஓடைப்பக்கம் போயிருந்த ஒரு நாள், சிறுத்தை மறுபடியும் வந்தது. மேட்டிலிருந்து கூவல் கிளம்பியது. குரங்கு உச்சிக்கிளைக்குத் தாவியது. மயில் பறந்தது. மான் நொண்டும் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது. வெறும் கரையில் நின்று சிறுத்தை உறுமிவிட்டுப் போனது.

"இன்னைக்குக் கூவினது நான்தான்!" என்று மைனா பெருமையோடு பறந்து வந்தது.

மான் மூச்சு வாங்கிக்கொண்டே குட்டியை நக்கியது. "நீயா? எனக்குத் தெரியவே இல்லையே! யாருன்னு பார்க்க நின்னிருந்தா என் பிள்ளை இருந்திருக்காது."

காட்டுக் காவலானாலும் கணினி நிரலானாலும், ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கலாம். ஆனால் அந்தச் சார்பு வட்டமாகச் சுற்றாமல், யாருக்கும் காத்திராத ஓரிடத்தில் போய் நிற்க வேண்டும்.