அரசர் முகத்தில் பிறந்த எழுத்துகள்

முன்னொரு காலத்தில் என்றால் எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள். ஓலையில் எழுதி ஓலையில் படித்த காலம், அரசருக்குப் பொழுது போகாவிட்டால் ஊரே பதுங்கிக்கொண்ட காலம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்த அரசர் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு குகைப் பாறையில் பழைய எழுத்துகளைப் பார்த்தார். கோடும் வளைவுமாக இருந்தன. கூட வந்தவர்களில் ஒருவராலும் படிக்க முடியவில்லை. திரும்பி வந்ததும் சபையைக் கூட்டி, "நாம் எழுதும் எழுத்தை முதன்முதலில் உண்டாக்கியவர் யார்?" என்று கேட்டார்.

சிரிக்கவைப்பதற்கென்றே அந்தச் சபையில் அமர்த்தப்பட்டிருந்த வெண்காடன் எழுந்தான். "யாரென்று தெரியாது அரசே. ஒரு குயவனாக இருக்கலாம். தன் பானையை அடுத்த வீட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போகாதிருக்க ஓர் அடையாளம் கீறியிருப்பான்."

வேறொரு நாளாக இருந்தால் அரசர் சிரித்திருப்பார். அன்று அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பானைக் கீறலிலா என் பெயரை எழுதுகிறார்கள்?"

இப்படி ஒரு நாளுக்காகப் பத்து வருடமாகக் காத்திருந்தவர் அகளங்கப் பண்டிதர். தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இலக்கணம் சொல்லும்போது கொட்டாவி விடும் அரசர், வெண்காடன் வாயைத் திறந்தாலே நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த மனிதர். "அரசே, தங்கள் திருமுகத்திலிருந்தே புதிய எழுத்துகளைப் படைத்துத் தருகிறேன்" என்றார்.

மூன்றே நாளில் படைத்தும்விட்டார். கிரீடம் அ. புருவம் ஆ. மீசையின் வலப்பக்கம் இ, இடப்பக்கம் ஈ. உயிர் பன்னிரண்டும் முகத்திலேயே முடிந்தன. மெய் பதினெட்டுக்கு வாள், வேல், குடை என்று ஆயுதசாலையை அள்ளினார். உயிரும் மெய்யும் சேரும் இருநூற்றுப் பதினாறுக்கு மீசையை வாளில் மாட்டினார், புருவத்தைக் குடையில் தொங்கவிட்டார். அரசர் கண்ணாடியையும் ஓலையையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"இந்த நொடி முதல் பழைய எழுத்தை எழுதுபவன் கை போகும், படிப்பவன் கண் போகும். நாட்டிலுள்ள பழைய ஓலைகளையெல்லாம் கொளுத்துங்கள்!"

பண்டிதர் குனிந்து சொன்னார்: "வெண்காடர் வீட்டிலிருந்தே தொடங்கலாம் அரசே. அவர் மிகவும் போற்றி வைத்திருக்கும் ஓலை ஒன்று உண்டு."

"நாளைக் காலை கொண்டு வா" என்றார் அரசர் வெண்காடனிடம்.

அந்த ஓலை என்னவென்று ஊருக்கே தெரியும். வெண்காடனின் ஒரே மகள் வல்லி ஆறு வயதில் எழுதியது. அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கும். அடுத்த நாள் மெய்யெழுத்து தொடங்குவதாக இருந்தது. "உயிர் வந்து சேராவிட்டால் மெய் என்னப்பா பண்ணும்?" என்று கேட்டாள். "தலையில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்" என்று சிரித்தான். அன்று வந்த காய்ச்சல் நாலாம் நாள் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஊரைச் சிரிக்கவைக்கிறவன் அதன்பிறகு வீட்டில் சிரித்ததில்லை.

செய்தியைக் கேட்ட அவன் மனைவி உமையாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். "எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிரலாங்க."

"வாசல்ல காவல் போட்டுட்டாங்க உமையா. கூரையப் பிரிச்சுத் தேடுவாங்க."

"அவ கைபட்டதுன்னு இந்த வீட்டுல வேற என்ன இருக்கு?"

வெண்காடனிடம் அன்று ஒரு விகடமும் இல்லை. ஓலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

காலையில் சபைக்கு நடக்கும்போதுதான் அந்த நாட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. சபைக்குள் அரசரின் வாய்ச்சொல்லே சட்டம். ஆனால் ஒருவன் வீட்டுப் பொருளை எடுக்க வேண்டுமென்றால் ஆணையை எழுதித் தர வேண்டும். அதை அவன் தலைமேல் வைத்து வணங்கியபின், எழுதியவர் அதை ஒரு சொல் விடாமல் உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்காத ஆணை ஆணையே அல்ல.

சபை நடுவில் தீ மூட்டியிருந்தார்கள். வெண்காடன் கைகூப்பி, "ஓலையை என் கையாலேயே போடுகிறேன் அரசே. முறைப்படி பண்டிதர் ஆணையை வாசித்துவிடட்டும்" என்றான்.

பண்டிதர் புதிய எழுத்தில் எழுதிய ஆணையைப் பெருமையோடு நீட்டினார். வெண்காடன் அதைத் தலைமேல் வைத்து வணங்கினான். இறக்கும்போது கைக்குள் அரைச் சுற்றுச் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். பண்டிதர் கணீரென்று வாசித்தார். ஓரிடத்திலும் தடங்கல் இல்லை.

"அரசே, பண்டிதர் மகா மேதை!" என்றான் வெண்காடன். "ஓலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வாசித்துவிட்டாரே!"

அரசர் எட்டிப் பார்த்தார். அவருடைய கிரீடம் கவிழ்ந்து கிடந்தது, மீசை நெற்றியில் இருந்தது.

"ம்... மனப்பாடமாகச் சொன்னேன்..." என்று பண்டிதர் குழறினார்.

"மனப்பாடம் செல்லாது. எழுத்தைப் பார்த்து வாசியும்" என்றார் அரசர்.

பண்டிதர் ஓலையை நேராகப் பிடித்தார். மூன்று நாளில் அவசரமாகப் பெற்ற பிள்ளைகள் ஒன்றுகூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பட்டியலை உருவினார். புதிய எழுத்துக்கு நேரே பழைய எழுத்து எழுதி வைத்திருந்த பட்டியல் அது.

"அரசே, பண்டிதர் பழைய எழுத்தைப் படிக்கப் போகிறார்! கண்ணைக் காப்பாற்றுங்கள்!" என்று வெண்காடன் பதறினான்.

பண்டிதர் பட்டியலைத் தீயில் எறிந்துவிட்டு இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டார். அரசர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சபை உருண்டு சிரித்தது. அரசர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார்.

வெண்காடன் காலில் விழுந்தான். "மாலை வேண்டாம் அரசே. அந்த ஆணையைத் திரும்பப் பெறுங்கள்."

"சொன்ன சொல்லை விழுங்கச் சொல்கிறாயா? வேறு ஏதாவது கேள்" என்றார் அரசர், கண்ணைத் துடைத்தபடி. பிறகு பண்டிதரைப் பார்த்து, "நீர் படைத்ததை நீரே முதலில் படித்துவிட்டு வாரும். இந்த ஆணையை நீர் வாசிக்கும் நாளில் அவன் ஓலையைக் கொளுத்துவோம்" என்றார்.

பண்டிதர் வீடு எதிர்ச்சாரியில். அன்று மாலை அங்கிருந்து குரல் கேட்டது. "கிரீடம் அ... புருவம் ஆ... வலது மீசை இ... இடது மீசை ஈ... அப்புறம்... அப்புறம்..." ஐந்தாவது எழுத்தில் தடுக்கி மறுபடியும் கிரீடத்துக்குப் போனது.

உமையாள் ஓலையை மார்போடு அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம வல்லி ரெண்டே நாள்ல இதத் தாண்டிட்டா. இவருக்கு எத்தன நாளாகும்?"

"தெரியல உமையா" என்றான் வெண்காடன். முத்துமாலை இன்னும் அவன் கழுத்தில்தான் கிடந்தது.

மறுநாள் மாலை பண்டிதர் ஐந்தாவது எழுத்தைத் தாண்டிவிட்டார்.