திருப்பிப் போட்ட கோட்டு

அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒரு சிற்றூர். அங்கே ஊனா என்றொரு கிழவி முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவாள். பேச்சு குறைவு. அவளிடம் வைத்தியம் படித்த ஃபெர்கலுக்கு நாற்பது வயது. பேச்சு அதிகம்.

ஒருநாள் காலை மூடுபனி. ஊரையே பாலில் முக்கிப் போட்டாற்போல் இருந்தது. ஃபெர்கல் தேவாலயத்துக்குப் போடும் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, ஊனாவின் புல்வெளி வழியே அண்ணன் டோனல் வீட்டுக்குப் புறப்பட்டான். அப்பாவைப் புதைத்த அன்று அண்ணன் தம்பிக்குள் வாய்ச்சண்டை. ஏழு வருஷமாய்ப் பேச்சில்லை. இன்று மதியம் டோனல் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறான். போனால் போனதுதான்.

புல்வெளியைச் சுற்றி முள்வேலி. அண்ணன் வீட்டுப் பக்கம் திறந்து மூட ஒரு படல் உண்டு. சின்ன வயதிலிருந்து போய்வந்த வழி. அதைக் காணோம்.

வேலியைத் தடவிக்கொண்டே சுற்றினான். பனிக்குள் ஊனா குந்தி மூலிகை கிள்ளிக்கொண்டிருந்தாள். மறுபடி சுற்றினான். மறுபடி ஊனா. மூன்றாவது சுற்றிலும் ஊனா.

"என்னடா, செக்குமாடு மாதிரி?"

"படலைக் காணோம் அம்மா."

"மிதிச்சிருப்பே."

அவனுக்குப் புரிந்தது. வயலில் எங்காவது ஒரு பிடி புல்லை 'அவர்கள்' நட்டு வைப்பார்களாம். மிதித்தவனுக்கு வழி மறந்துபோகுமாம். குன்றுக்கடியில் குடியிருக்கும் மாய மனிதர்கள். ஊரில் யாரும் பெயர் சொல்வதில்லை.

"கோட்டைக் கழற்று. உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடு."

"கோட்டைத் திருப்பினா படல் எப்படி அம்மா வரும்?"

"உனக்குப் படல் வேணுமா, பதில் வேணுமா?"

வேலிக்கு அப்பால் எங்கோ வண்டியில் பெட்டி ஏற்றும் சத்தம் கேட்டது. டோனல் குதிரையை அதட்டினான். ஃபெர்கல் அவசரமாய்க் கழற்றித் திருப்பிப் போட்டான். உள்ளே எல்லாம் கிழிசல். மாவுச்சாக்கில் ஒட்டு. அப்பாவின் பழைய சட்டையை வெட்டித் தைத்த பை.

நிமிர்ந்தான். நாலடியில் படல்.

அதில் கை வைத்தவன் தயங்கினான். இந்தக் கோலத்திலா அண்ணன் முன்னால் போய் நிற்பது? கோட்டை நேராக்கிப் போட்டுக்கொண்டு கையை நீட்டினான். முள் குத்தியது. படல் இல்லை.

பனிக்குள் ஊனா செருமினாள்.

மறுபடி கழற்றினான். திருப்பினான். படல் இருந்தது. இந்தத் தடவை தாண்டிவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

"அம்மா, வெளியே வந்துட்டேன்! இனி நேராப் போட்டுக்கலாமில்ல?"

பனிக்குள் மூலிகை கிள்ளும் சத்தம் நிற்கவில்லை.

"உங்கண்ணன் வீட்டுக்கும் ஒரு வாசல் இருக்குடா" என்றாள் ஊனா.