இருட்டில் கூவிய சேவல்

கோழியும் கொக்கும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சேவல் சூரியனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கூவும். "காணாததைச் சொல்ல நான் என்ன ஜோசியரா?" என்று கொண்டையை ஆட்டும். அவ்வளவு மிதப்பு. ஆனால் அது கூவினால் விடிந்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர். அங்கே இருந்த மாசாத்தியின் பெயர் கரையோரம் முழுக்கப் பிரசித்தம். கிரகணம் எந்த நாளில், எந்த நாழிகையில் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னால் பிசகாது. அந்த முறை சொன்னாள்: "வர்ற அமாவாசை உச்சிவேளையில சூரியன் முழுசா மறையும். முந்நூறு எண்ணுறதுக்குள்ள திரும்பி வந்துடும். யாரும் பதறாதீங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் சூரியன் அணைந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றி வெள்ளிமயிர் போல ஒளி. பட்டப்பகலில் விண்மீன்கள். காற்று குளிர்ந்தது. அழுத குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன. அத்தனை அழகையும் அத்தனை பயத்தையும் அந்த ஊர் ஒருசேரக் கண்டதில்லை.

ஊர்த்தலைவன் கோடன்தான் முதலில் வாயைத் திறந்தான். "தினமும் அது கடல்லேர்ந்துதானே வருது? வாங்க, போய்க் கூட்டிட்டு வருவோம்."

நல்ல யோசனைதான்! ஊரே கட்டுமரங்களைத் தண்ணீரில் தள்ளியது. அலைக்கு அப்பால் பாறைத்திட்டு இருந்தது. வெளிச்சத்திலேயே அதில் மோதிச் சிதறிய மரங்கள் உண்டு. முதல் மரத்தில் ஏறியவள் மாசாத்தியின் மகள், இடுப்பில் கைக்குழந்தை.

"நில்லுங்க, இன்னும் நூறுதான்" என்று மாசாத்தி கத்தினாள். யாரும் திரும்பவில்லை. அவள் ஓடிப்போய்க் கூண்டிலிருந்த சேவலைத் தூக்கினாள்.

"கூவு, ராசா."

"சூரியனையே காணோமே ஆத்தா. பொய் சொல்லச் சொல்றியா?"

"பொழுது வருது. வர்றதுக்கு முன்னாடியே சொல்லேன்."

"வரலேன்னா?"

மாசாத்தி அதைக் கடலின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ கூவலேன்னா எம் புள்ள பாறையில போய் மோதுவா."

பேர்பெற்ற மாசாத்தி பயந்து சேவல் பார்த்ததே இல்லை. அதற்கு நெஞ்சு உருகிவிட்டது. கண்களை இறுக மூடியது, கழுத்தை நீட்டியது, கும்மிருட்டில் கூவியது.

துடுப்புகள் நின்றன. "சேவலே கூவிடுச்சா?" என்றான் கோடன். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அதே கறுப்பு வட்டம்தான். சேவல் மறுபடியும் கூவியது.

கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் வெடித்தது. கடல் மொத்தமும் பளீரென்று மின்னியது. கோடன் அலைக்குள்ளேயே கைகூப்பி நின்றான். மகள் மரத்திலிருந்து இறங்கி, குழந்தையோடு கரைக்கு நடந்து வந்தாள்.

வெளிச்சத்தின் சுவடே இல்லாத வேளையில் சேவல் கண்ணை மூடிக்கொண்டு கூவுவது அன்று முதல்தான்.