கும்பிட்டுக் கொன்ற கொடி

“கொடி சாகுது, ஐயா. கொல்றது நீங்க.”

கயற்கண்ணி இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தாள். ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை.

கத்திரி வெயில் மடத்து ஓட்டைப் பிளந்துகொண்டிருந்த மத்தியானம். ஆசான் விசிறியைக் கீழே வைத்தார். அவளைவிட இரண்டே வயதுதான் மூத்தவர். ஆனாலும் ஊர் அவரைச் சாமி என்று கும்பிட்டது.

“எந்தக் கொடி?”

“கூடத்துல உங்க நாற்காலிக்குப் பக்கத்துல தொட்டியில நிக்குதே, அந்த வெத்தலைக் கொடி. வீட்டை உதறிட்டு இங்க வந்தப்ப நான் கையில எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதான்.”

“தண்ணி பத்தலையா?”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“தண்ணிதான் எமன்.”

நடந்தது இதுதான். வெயில் தொடங்கிய நாளில் ஆசான் உபதேசத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: ‘இந்தக் கோடையில் வாடுகிற உயிருக்கு ஒரு செம்பு நீர் வார்ப்பவன், எனக்கே வார்த்தவன்.’

கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. மறுநாளே செம்பும் கையுமாக வரிசை கட்டிவிட்டார்கள்.

தெருவில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. வாசல் புங்கங்கன்று சருகாகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் தாண்டி உள்ளே வந்தார்கள். ஆசான் பார்க்கும்படி, நிழலில் நின்ற அந்த ஒற்றைத் தொட்டியில் ஊற்றினார்கள். அவர் கையால் நெற்றியில் திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள்.

உச்சிப்பொழுதின் அனலில் இலை துவளும். பொழுது சாய்ந்தால் தானே நிமிரும். கொடி வளர்த்தவளுக்கு அது தெரியும். வந்தவர்களோ துவண்ட இலையைப் பார்த்ததும் ‘அடப் பாவமே’ என்று இன்னொரு செம்பைச் சாய்த்தார்கள்.

“மண்ணைத் தொட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா ஊத்தாதீங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சினேன். ‘சாமியே சொல்லிட்டாரு, நீ யாரு குறுக்கே?’ன்னு கேக்கறாங்க.”

வரிசையைக் கவனிக்கும் மூத்த சீடர் தில்லைநாயகம் நிலைப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

“அன்புல ஊத்தறாங்க, அம்மணி. அன்பைத் தடுக்கலாமா?”

“ஐயா கண்ணு படற இடத்துல மட்டும் சுரக்குதே, அது என்ன அன்பு? ஊர்த் தாகமெல்லாம் இந்த நாற்காலிக்குப் பக்கத்துலதான் இருக்குதா?”

“சாதகருக்குக் கோபம் ஆகாது.”

“வேற எதெல்லாம் ஆகாதுன்னு ஒரேடியாச் சொல்லிடுங்க. சாதகத்தையே விட்டுடறேன்.”

ஆசான் குறுக்கிட்டார். “நான் என்ன செய்யணும்?”

“நாளைக்கு எல்லார் முன்னாலயும், ‘நான் சொன்னது தப்பு’ன்னு சொல்லணும்.”

தில்லைநாயகம் காதைப் பொத்திக்கொண்டார். “சாமி வாக்கைச் சாமியே தப்புங்கறதா? அப்புறம் எவன் இந்த வாசப்படி மிதிப்பான்?”

“மிதிக்காட்டிப் போகட்டும்.”

“ஒரு கொடிதானே அம்மணி. சந்தையில வேற வாங்கித் தர்றேன்.”

அவள் விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்த் தொட்டியைத் தூக்கி வந்து ஆசானின் காலடியில் கவிழ்த்தாள்.

கொழகொழவென்று மண் சரிந்தது. மண்ணோடு வேர். கன்னங்கரேலென்று, தொட்டால் கழன்று வருகிற வேர். செத்த எலியின் வாடை எழும்பியது.

கவிழ்ந்த தொட்டியின் அடியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டையில் அரக்கு உருக்கி அடைத்திருந்தது.

“இதை அடைச்சது யாரு?”

“நான்தான்,” என்றார் தில்லைநாயகம், கொஞ்சம் பெருமையாகவே. “சாமிக்குன்னு வார்த்த தண்ணி. தரையில ஓடி, போறவங்க வர்றவங்க கால்ல மிதிபடலாமா?”

 

ஆசான் குனிந்தார். ஒரு கை மண்ணை அள்ளி முகர்ந்தார்.

“பச்சையா ஏதாவது மிச்சமிருக்கா?”

அவள் மண்டியிட்டுத் தேடினாள். நுனியில், ஒரே ஒரு கணு. நகத்தால் கிள்ளி, முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

“இருக்கு.”

“பிழைக்குமா?”

“ஒருத்தரும் கும்பிடாம இருந்தாப் பிழைக்கும்.”

எழுந்தாள்.

“நாளைக்கு நீங்க சொல்லலைன்னா, இதை எடுத்துக்கிட்டு நான் கிளம்பறேன்.”

கையைக் கழுவத் தில்லைநாயகம் நீட்டிய தண்ணீரை ஆசான் வாங்கவில்லை.

விடிந்தது. வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது.

கயற்கண்ணி துணிமூட்டையோடு கூடத்துத் தூணோரம் நின்றாள். தொட்டி இருந்த இடம் காலி. நிறைசெம்போடு வந்தவர்கள் எங்கே ஊற்றுவதென்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆசான் வந்து உட்கார்ந்தார். உபதேசம் எதுவும் இல்லை. திருநீற்றுத் தட்டை மூடியிருந்த துணியை விலக்கினார்.

தட்டில் திருநீறு இல்லை. நேற்றைய மண், ஈரம் மினுங்க அப்படியே இருந்தது.

மூன்று விரலால் தொட்டார். முதலில் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டார். பிறகு, வழக்கம்போல முதலாவதாகத் தலைகுனிந்து நின்ற தில்லைநாயகத்தின் நெற்றியில் இழுத்தார்.

மண் கரைந்து மூக்கில் இறங்கியது. கிழவர் முகத்தைச் சுளித்தார். பின்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

“சாமி, இது என்ன இப்படி நாறுது?”

“என் வாக்கு.”