சேர்மனின் கோட்டும் பூமியின் சூடும்

சென்னையில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாளில், பூமிச் சூட்டைத் தணிக்க யோசனை சொல்லும் போட்டி ஒன்றை ஒரு கம்பெனி நடத்தியது. அதன் சேர்மன் ஞானசுந்தரம் கோட்டும் சூட்டுமாகத்தான் மேடையேறுவார். அவருக்கு வேர்த்துவிடக் கூடாதென்று ஹாலில் ஏசியைப் பதினாறில் வைத்திருந்தார்கள். போட்டிக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல் தந்தியடித்தது.

வள்ளியூர் பாலிடெக்னிக்கில் படிக்கும் இசக்கியம்மாள், துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு மேடைக்கு வந்தாள். கையில் லேப்டாப்கூட இல்லை.

"வெறுங்கையோட வந்தியாம்மா? சரி, செலவே இல்லாம, மெஷினே இல்லாம, இங்கேயே இப்பவே பூமிச் சூட்டைக் குறைச்சுக் காட்டு. இல்லேன்னா ஊருக்கு பஸ்ஸைப் பிடி" என்றார் சேர்மன்.

"காட்டுதேன் சார். நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

"என்ன வேணாலும் செய்றேன்" என்று மைக்கிலேயே வாக்குக் கொடுத்தார்.

"கோட்டைக் கழட்டுங்க சார்."

ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கழற்றினார். உள்ளே கம்பளி ஸ்வெட்டர்.

"அதையும் சார்."

ஹால் சிரிப்பில் குலுங்கியது. ஸ்வெட்டரும் போனது. கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தார். பிறகு தாடை ஆடத் தொடங்கியது. கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, "யாருப்பா அங்கே, அந்த ஏசியை நிறுத்தித் தொலைங்க" என்றார்.

ஏசி நின்றது.

"குறைக்க ஆரம்பிச்சாச்சு சார். கரண்டும் மிச்சம்" என்றாள் இசக்கியம்மாள்.

முதல் பரிசு அவளுக்குத்தான். அவளுக்குப் போர்த்த எடுத்த பொன்னாடையை மட்டும் சேர்மன் கடைசிவரை தன் தோளைவிட்டு இறக்கவில்லை.