கட்டைவிரல் கறந்த கதை

சோளத்தட்டு மலிஞ்சு கிடந்த ஒரு காலத்துல, ஒரு ஊர்ல வெள்ளியங்கிரின்னு ஒரு பண்ணைக்காரர் இருந்தாராம். பால் கறக்கும் மிஷின் வாங்கியவர், இழுவை கூடினால் பாலும் கூடும் என்று அதன் திருகைக் கடைசிவரை முடுக்கிவிட்டார். காம்பு வலித்த செவலைப் பசு பாலை அடக்கிக்கொண்டது. மிஷினைப் பார்க்கச் சம்பந்தி வந்த அன்று, அவர் எதிரிலேயே வாளியை உதைத்து உருட்டியது.

"உதைக்கிற மாடு எதுக்கு? நாளைக்கே அடிமாட்டுக்கு அனுப்பு!" என்று கத்தினார் வெள்ளியங்கிரி.

செவலையைக் கன்றிலிருந்து வளர்த்தவள் பண்ணையாள் பாவாத்தாள். "ஆமாங்க மொதலாளி, புத்தியில்லாத மாடுங்க. மிஷின் வலிக்காதுன்னு அதுக்குத் தெரியலைங்க. காம்புல மாட்டுற குழாய்க்குள்ள நீங்க கட்டைவிரலை விட்டுக் காட்டினா, பார்த்துத் திருந்திக்குமுங்க."

சம்பந்தி பார்க்கிறாரே! வெள்ளியங்கிரி சிரித்துக்கொண்டே விரலை விட்டார். மிஷின் வெடுக்கென்று இழுத்தது. "ஐயோ, ஆத்தா!" என்று அவர் துள்ளி உதைத்ததில் வாளி மறுபடி உருண்டது.

"பார்த்துங்க," என்றாள் பாவாத்தாள். "உதைச்சா எங்கே அனுப்புவாங்கன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க."

சம்பந்தி சிரித்திருந்தாலாவது தேவலை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, "வாறேனுங்க" என்று கிளம்பிவிட்டார்.

வெள்ளியங்கிரி சிவந்த விரலைத் துண்டுக்குள் மறைத்தார். மற்றக் கையால் திருகைத் தளர்த்தினார். "செவலை இங்கேயே இருக்கட்டும்," என்று முணுமுணுத்துவிட்டு, மாட்டின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்தார்.