தண்டவாளத்தில் திரும்பிப் பார்த்தவர்

அருமைநாயகம் ஜெராக்ஸ் தாள்களை மேசைமேல் போட்டார். போட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீசினார்.

"எல்லாம் பொய் டீச்சர்" என்றார்.

ஜோலார்பேட்டையில் ஒரு நூலகத்தின் மாடியில், ஞாயிறு காலைகளில் ஜுலைகா பழைய அமெரிக்கச் சிறுகதைகளைப் பாடம் நடத்தி வந்தார். கதைகளை அவரே தமிழில் எழுதிக்கொண்டு வருவார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மாணவரான அருமைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. மற்றவர்கள் வகுப்பு முடிந்து போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை.

முப்பத்தொரு வருஷம் ரயில் ஓட்டியவர் அவர். கடந்த இரண்டு மாதமாக இன்ஜினில் ஏறவில்லை. அவர் ஓட்டிய சரக்கு ரயிலில் ஒரு மனிதர் அடிபட்டுச் செத்துப்போனார். மறுபடி ரயில் ஓட்ட முடியுமா முடியாதா என்று இன்னும் ஒன்பது நாளில் ரயில்வே டாக்டரிடம் அவர் சொல்லியாக வேண்டும். முடியாது என்றால் மேசை வேலைதான். இன்ஜினை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"எது பொய்?" என்று கேட்டார் ஜுலைகா.

"சுரங்கத்துல மாட்டிக்கிட்டவன் வீட்டுக்குப் போறானாம். பொண்டாட்டி சோறு போடறாளாம். சாப்பிட்டுட்டு சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கறானாம். கடைசி வரியில பார்த்தா, பாறைக்கு அடியில செத்துக் கிடக்கறான். போன வாரக் கதையும் இதேதான். அதுக்கு முந்தின வாரமும் இதேதான். ஒருத்தனாவது ஒழுங்கா சாகறானா?"

"சாகிறவருக்கே, தான் சாகறது தெரியல. கடைசி வரி வரைக்கும் படிக்கிற நமக்கும் தெரியல. சாவை எழுத அவங்க கண்டுபிடிச்ச வழி அது."

"செத்தவன் எழுந்து வந்து சொன்னானா, எனக்கு இதெல்லாம் தெரிஞ்சுச்சுன்னு?"

"இல்ல."

"அப்புறம் இதை எழுதின ஆளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. செத்தவர் கதை எழுதல. வெளியில நின்னவர் எழுதினார்."

ஜுலைகாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அருமைநாயகத்துக்கு இன்னும் எரிச்சல். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எதிரில் இருப்பவருக்கும் வந்தால்தான் அது அடங்கும்.

"நான் கண்ணால பார்த்தவன்" என்றார். "நிஜத்துல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"சொல்லுங்க."

அருமைநாயகம் சொன்னார். சாயங்காலம் நாலு மணி. ஒரு வளைவு. நீலச் சட்டை போட்ட ஒருவர் தண்டவாளத்தில் நடந்து போனார். அருமைநாயகம் விடாமல் ஹாரன் அடித்தார். எமர்ஜென்சி பிரேக்கும் போட்டார். நாற்பது பெட்டி லோடு அந்த இடத்திலேயே நின்றுவிடுமா?

"கடைசியில அவர் திரும்பினார். என்னைப் பார்த்துச் சிரிச்சார்."

ஜுலைகா மேசைமேல் கிடந்த தாள்களை ஓரமாகத் தள்ளினார்.

"ஏன் சிரிச்சார்? கண்ணை மூடினா அந்தச் சிரிப்புதான் வருது. என்னை மன்னிச்சிட்டாரா, கேலி பண்ணினாரா? அது தெரியாம நான் எப்படி அந்த சீட்டுல உட்கார்வேன்? அவருக்கு அப்போ என்ன தெரிஞ்சுச்சு? உங்க அமெரிக்காக்காரங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எவனாவது இதைச் சொல்வானான்னுதான் வாரா வாரம் வந்து உட்கார்றேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை நீலச் சட்டைக்காரருக்கு நரைத்த மீசை இருந்தது.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அந்த மனிதர் சிரித்ததோடு நிற்கவில்லை, உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அருமைநாயகத்துக்கே அது உறைத்தது. முகம் சிவந்துபோனது.

"என்னைச் சோதிக்கறீங்களா டீச்சர்?"

"இல்ல சார். சிக்னல் வந்தா இன்ஜின்ல என்ன செய்வீங்க?"

"அது எதுக்கு இப்போ?"

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"கையை நீட்டிச் சத்தமா சொல்லணும். நான் கிரீன்னு சொன்னா, பக்கத்துல இருக்கற அசிஸ்டன்ட்டும் பார்த்துட்டு கிரீன்னு சொல்லணும். ஒருத்தர் மட்டும் பார்த்தா அது பார்த்ததா ஆகாது. அதுதான் ரூல்."

"அன்னைக்குப் பக்கத்துல யாரு?"

"வெண்ணிலான்னு ஒரு பொண்ணு. மூணு வருஷமா என்கூட ஓடறா."

"நடந்ததை ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டீங்களா?"

ஒரு நாளைக்கு நூறு தடவை சிக்னல் சொல்லிக்கொண்ட இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அருமைநாயகம் பண்ணிய போனை அவள் எடுக்கவில்லை. பிறகு வீம்புக்கு அவரும் விட்டுவிட்டார்.

"அடுத்த வாரம் அவங்களை வரச் சொல்றேன்" என்றார் ஜுலைகா. "நம்பர் கொடுங்க."

அடுத்த ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் வெண்ணிலா வந்தாள். முப்பது வயது இருக்கும். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள், தோளில் பை அப்படியே இருந்தது. அருமைநாயகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"அன்னைக்கு அவர் திரும்பிச் சிரிச்சதை டீச்சர்கிட்ட சொல்லு" என்றார்.

வெண்ணிலா உட்காரவில்லை.

"யாரு சிரிச்சது?"

"அந்த ஆள்தான். திரும்பிப் பார்த்தாரே."

"அவர் திரும்பவே இல்ல சார்."

"நீ பயத்துல கண்ணை மூடியிருப்ப."

"மூடினது நீங்க."

அருமைநாயகம் எழுந்த வேகத்தில் அவருடைய நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஒரு கை ஹாரன்ல, ஒரு கை பிரேக்ல" என்றாள் வெண்ணிலா. அவளுக்கும் குரல் ஏறிவிட்டது. "தலையைக் குனிஞ்சு, கண்ணை இறுக்கி மூடிட்டீங்க. நான் உங்களையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். அவர் கடைசி வரைக்கும் நடந்துக்கிட்டேதான் இருந்தார். முதுகு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. சட்டை வேர்வையில நனைஞ்சிருந்துச்சு."

"முப்பத்தொரு வருஷம் ஓட்டினவனைப் பார்த்துக் கண்ணை மூடினேன்னு சொல்றியா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் போன் எடுக்கல."

"அப்போ தினமும் என் முன்னால வந்து சிரிக்கறது யாரு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? உங்களுக்காவது ஒரு முகம் கிடைச்சிருக்கு. நான் தினமும் அந்த முதுகைத்தான் பார்க்கறேன். அந்த வளைவு வரும்போதெல்லாம் இன்னைக்காவது திரும்புவாரான்னு பார்க்கறேன். திரும்ப மாட்டேங்கறார்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவர் முன்னால் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள்.

அருமைநாயகம் ஜுலைகாவின் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தான் இவளை வரவழைச்சீங்களா? என்னைப் பொய்யனாக்கவா? நாளன்னைக்கு நான் டாக்டர்கிட்ட போகணும். இவ சொல்றது நிஜம்னா நான் கண்ணை மூடிட்டு ரயில் ஓட்டினவன். நான் சொல்றது நிஜம்னா அந்தச் சிரிப்பு சாகிற வரைக்கும் என்னை விடாது. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அவர் திரும்பினாரா, இல்லையா? எது நிஜம்?"

அந்த வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஜுலைகா குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

"திரும்பினாரா, திரும்பலையா. சிரிச்சாரா, சிரிக்கலையா. முகமா, முதுகா" என்றார் ஜுலைகா. "ரெண்டு மாசமா நீங்க உங்க கண்ணைப் பத்திப் பேசறீங்க. இவங்க இவங்க கண்ணைப் பத்திப் பேசறாங்க. செத்தது உங்க கண்ணு இல்ல சார், ஒரு மனுஷன். அவர் பேர் என்ன?"

அருமைநாயகம் வெண்ணிலாவைப் பார்த்தார்.

அவளுக்கும் தெரியவில்லை.